இன்னும் மூன்று மணி நேரத்தில்

என் மனைவியின் தம்பி தலையை முதலில் விட்டான். பிறகு தோள், பிறகு இடுப்பு. கத்தரிக்கோலைப் பல்லில் கடித்திருந்ததால் போகும்போது ஏதோ சொன்னது எனக்குப் புரியவில்லை. கடைசியில் மெஷினின் வட்ட வாய்க்கு வெளியே இரண்டு ரப்பர் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அதுவும் கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்விட்டது.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு சலவை ஆலை. ஆஸ்பத்திரிப் போர்வை, விடுதிப் படுக்கை விரிப்பு, டாக்டர்மார் போடும் பச்சை அங்கி, எல்லாம் மூட்டை மூட்டையாக லாரியில் வரும். வெளுத்து, காயவைத்து, தேய்த்து, மடித்து அதே லாரியில் திருப்பி ஏற்ற வேண்டும். மூன்றாம் நம்பர் மெஷின்தான் இருப்பதிலேயே பெரியது. அதன் டிரம்முக்குள் நாலு பேர் உட்கார்ந்து சீட்டு விளையாடலாம்.

அந்த மெஷினுக்கு ஒரு மாதமாகக் கிறுக்குப் பிடித்திருந்தது. கதவு இறுக்கமாக மூடியிருக்கும். ஆனால் திரையில் "கதவு திறந்திருக்கிறது" என்று காட்டிவிட்டுப் பாதி வெளுப்பில் படக்கென்று நின்றுவிடும். பிறகு தானாகவே எதிர்ப்பக்கம் சுற்றும். உள்ளே இருக்கும் விரிப்பெல்லாம் முறுக்கிக்கொண்டு வடக்கயிறு மாதிரி ஆகி டிரம்மின் உள்விளிம்புகளில் சுற்றி இறுகிவிடும். ஆள் உள்ளே போய் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இரும்பில் கோளாறு இல்லை, மென்பொருளில்தான் கோளாறு என்றார்கள். மென்பொருளில் கோளாறு என்றால் டிக்கெட் போட வேண்டும். அலுவலக அறையில் இருக்கும் திரையில் இன்ன மெஷினில் இன்ன கோளாறு என்று எழுதினால் அதற்கு ஒரு நம்பர் கொடுப்பார்கள். அதற்கப்புறம் கடல் தாண்டி எங்கேயோ உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்து, அங்கிருந்தே சரிசெய்து அனுப்புவார்கள். சரியானதும் டிக்கெட்டை மூடுவார்கள். சரியாகாவிட்டால் மறுபடியும் திறக்கும். மூன்றாம் நம்பரின் டிக்கெட் மூடித் திறந்து மூடித் திறந்து, ஆலையின் முன்கதவை விட அதிகமாக ஆடிக்கொண்டிருந்தது.

அது சரியாகும் வரை வேலை நிற்க முடியுமா? மச்சினன்தான் வழி கண்டுபிடித்தான். கதவின் தாழ் பக்கத்தில், கதவு மூடியிருக்கிறதா என்று மெஷினுக்குச் சொல்லும் ஒரு சின்ன உணர்கருவி இருக்கிறது. அதன்மேல் ஒரு காந்தத்தை வைத்து டேப்பை வரிந்து வரிந்து சுற்றிவிட்டான். அதன்பிறகு கதவு என்ன நிலையில் இருந்தாலும் மெஷினுக்கு அது மூடின கதவுதான். எல்லோரும் அவன் முதுகைத் தட்டினோம். நானும் தட்டினேன்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சார்ஜர். போன் சார்ஜரின் வயரைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு எந்தச் சுவரில் பிளக் ஓட்டை இருக்கிறது என்று தேடிக்கொண்டே நடப்பார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் மேலே இருப்பவர்களைக் கண்டால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த டிக்கெட் மறுபடி மறுபடி திறப்பதற்கு அவர்தான் பொறுப்பு என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை மூடியே ஆக வேண்டும் என்று காலையிலிருந்தே பறந்துகொண்டிருந்தார்.

"மெயின் ஸ்விட்சை யாரும் தொடக் கூடாது. காந்தத்தையும் எடுக்கக் கூடாது. அவங்க அங்கருந்தே புதுசா சாஃப்ட்வேர் ஏத்தி, அங்கருந்தே ஒரு தடவை ஓட்டிப் பாப்பாங்க. கரண்ட் போச்சுன்னா ஏத்தினது எல்லாம் போயிடும். புரியுதா?"

"ஓட்டம் எத்தனை மணிக்கு சார்?" என்று மச்சினன் கேட்டான். "நான் உள்ள போகணுமே."

"படம் அனுப்பலையா உங்களுக்கு?"

"எங்களுக்கு எங்க சார் அனுப்புனீங்க?"

சார்ஜர் போனைத் தடவினார். எங்கள் இரண்டு பேர் சட்டைப் பையிலும் போன் துடித்தது.

இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிக்கெட் திரையைத் திறக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் சார்ஜர் அதைப் போனில் படம் பிடித்து, ஓரத்தில் இருக்கும் மற்ற விஷயங்களையெல்லாம் வெட்டிவிட்டு, எங்களுக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் அனுப்புவார். முன்பு அந்த வரியில் தேதியும் நேரமும் எண்ணும் கோடும் புள்ளியுமாக வரும். நாங்கள் தேதியை முன்னால் எழுதுகிறவர்கள். கடல் தாண்டி இருப்பவர்கள் மாதத்தை முன்னால் எழுதுகிறவர்கள். ஒரு தடவை மெக்கானிக் வருகிறார் என்று மெஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் காத்திருந்தோம். அவர் அந்தப் பக்கமே வரவில்லை. பல மாதம் கழித்து ஒருநாள் பெட்டியோடு வந்து நின்றபோது, யார் நீங்கள், என்ன விற்கிறீர்கள் என்று வாசலில் மடக்கிவிட்டார்கள்.

அந்த ரகளைக்குப் பிறகு எண்களையே எடுத்துவிட்டார்கள். இப்போது மனுஷன் பேசுவது மாதிரி வரும். 'சற்று முன்', 'நேற்று', 'இரண்டு நாளில்' என்று. எனக்கு அது பிடித்திருந்தது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டப் பழகினவனுக்கு, கோடும் புள்ளியும் போட்ட எண்களை விட 'நேற்று' எவ்வளவோ மேல்.

அன்று வந்த படத்தை எழுத்துக்கூட்டி நானே படித்தேன். *சோதனை ஓட்டம்: இன்னும் 3 மணி நேரத்தில். டிரம் காலியாக இருக்க வேண்டும்.*

"மூணு மணி நேரமா!" என்றான் மச்சினன். "உள்ள ஒரு தூக்கமே போட்டுட்டு வரலாம் சார்."

"தூங்கு தூங்கு. உன்னையும் சேத்து வெளுத்து மடிச்சு லாரில ஏத்திடறேன்."

அப்போது ஒன்பது மணி. பன்னிரண்டுக்கு ஓட்டம், வேலை அதற்கு முன்னால் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டோம்.

ஆள் உள்ளே இருக்கும்போது இன்னொரு ஆள் வாயருகில் நிற்க வேண்டும் என்பது முறை. நான் நின்றேன். உள்ளிருந்து வெட்டின துண்டுகள் ஈரமும் சோப்பு நாற்றமுமாக வந்து விழுந்தன. நான் வாரித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் வரிசைக்குப் பின்னால் தேய்ப்பு மெஷினின் பெரிய உருளைகள் ஓடும் சத்தம். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். எங்களுக்குள் எல்லாமே கைச்சாடைதான். கையை உயர்த்தி ஆட்டினால் துணி வருகிறது. தலைக்குமேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் நிறுத்து. வயிற்றைத் தொட்டால் சாப்பாட்டு நேரம். இந்தக் கடைசிச் சாடை மட்டும் யாருக்கும் தவறிப் புரிந்ததில்லை.

சார்ஜர் வந்து என் தோளைத் தட்டினார்.

"லாரி வந்து நிக்குது. இறக்க ஆள் இல்ல. போங்க."

"இவன் உள்ள இருக்கானே சார்."

"அவனுக்கென்ன, பொண்ணா பாக்கப் போறீங்க, பக்கத்துலயே நிக்கறதுக்கு? மூணு மணி நேரம் கிடக்கு. லாரிக்காரன் என் உயிரை வாங்குறான்."

நான் டிரம்முக்குள் தலையை விட்டேன். இருட்டில் அவன் நெற்றி விளக்கு மட்டும் என் பக்கம் திரும்பிக் கண்ணைக் கூசவைத்தது.

"மாப்ளே, லாரி இறக்கிட்டு வந்துடறேன்."

"போயிட்டு வாங்க மாமா. நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்?"

போனேன்.

லாரி நிற்கும் இடம் ஆலையின் பின்புறம், பாய்லர் அறையை ஒட்டினாற்போல். இருபது மூட்டை இறக்கியிருப்பேன். முதுகு வளைந்தபடியே நின்றுவிட்டது. பாய்லர்காரர் அறைக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்னை விட நாலைந்து வயது மூத்தவர். எந்த விஷயம் என்றாலும் முதலில் சந்தேகப்படுவார், பிறகுதான் குசலம் விசாரிப்பார்.

"என்னப்பா, மூணாம் நம்பர் காலியாயிடுச்சா?"

"மாப்ள உள்ளதான் இருக்கான்ணே. வெட்டிட்டிருக்கான்."

"இன்னுமா வெட்டறான்? நான் ஸ்டீம் ஏத்தி அந்த லைனைத் திறந்து விட்டுட்டேனேய்யா."

"ஏன்ணே இவ்வளவு சீக்கிரமா? ஓட்டம் பன்னெண்டு மணிக்குத்தானே."

"எவன் சொன்னான் உனக்கு? பத்துக்கு."

"பன்னெண்டுண்ணே."

"படிச்சுப் பாத்துட்டுத்தான் பேசறியா, இல்ல படத்தை மட்டும் பாத்தியா?"

"நான் படிச்சுத்தான் பாத்தேன். நீங்க கண்ணாடியத் தொடச்சுட்டு ஒருக்கா பாருங்க."

லாரிக்காரர் மேலிருந்து சிரித்தார். பாய்லர்காரர் போனை எடுத்தார். நானும் எடுத்தேன். இரண்டு போனையும் ஒரு மூட்டையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

ஒரே படம். திரையில் விளக்கு பட்டு வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்திருந்தது, அது இரண்டிலும் அதே இடத்தில். கீழே சார்ஜரின் கட்டைவிரல் நிழல், அதுவும் இரண்டிலும்.

"ரெண்டுலயும் மூணு மணி நேரம்னுதான் இருக்கு," என்றேன்.

"அதைத்தானய்யா நானும் சொல்றேன். மூணு மணி நேரம். பத்து மணி."

"அதெப்படிண்ணே பத்து ஆகும்? எனக்கு வந்தது ஒன்பதுக்கு."

"எனக்கு வந்தது ஏழுக்கு."

லாரிக்காரர், "என்னாச்சு?" என்றார். ஏழு மணிக்கு எடுத்த படத்தைத்தான் சார்ஜர் ஒன்பது மணிக்கு எங்களுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். படத்துக்குள் நேரம் நகரவே இல்லை. அது யார் கைக்கு எப்போது போனாலும் மூன்று மணி நேரம் என்றே சொல்லும்.

பாய்லர் அறைச் சுவரில் கடிகாரம் இருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். பத்தாக இன்னும் இரண்டே கோடு.

"வால்வை நான் மூடறேன்," என்று பாய்லர்காரர் ஏணியைப் பார்த்து ஓடினார். "நீ அவனை வெளிய இழு! கொதிதண்ணி போயிடும்யா உள்ள, ஓடு!"

ஓடினேன். ஓடிக்கொண்டே சார்ஜருக்குப் போன் போட்டேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. மச்சினனுக்குப் போட்டு என்ன பயன்? அவன் போன், உள்ளே போகும்முன் கழற்றி வைத்த சட்டையின் பையில், அலமாரிக்குள். அந்த அலமாரியைத் தாண்டித்தான் ஓடினேன். என் அழைப்பு இல்லாமலே அங்கே இருட்டில் கிடந்தது.

நடைபாதையில் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. அவை எப்போதும் நிற்கும் இடம்தான். மற்ற நாட்களில் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடப்போம். அன்று மோதிக்கொண்டே போனேன். ஒன்று கவிழ்ந்தது. மடித்த துண்டுகள் ஈரத்தரையில் பரவின. யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு கணம் நின்றுவிட்டேன். மெஷின்களின் கதவு இந்தப் பக்கம். மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானும் மெயின் ஸ்விட்சும் அந்தப் பக்கம். போக வேண்டுமானால் மெஷின் வரிசை முழுவதையும் சுற்ற வேண்டும். பொத்தானுக்கு ஓடுவதா, ஆளிடம் ஓடுவதா? பொத்தானுக்கு ஓடி, போய்ச் சேருவதற்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டால் நான் அந்தப் பக்கத்தில் நின்று என்ன செய்வேன்? வீட்டில் போய் இவன் அக்காவிடம் என்ன சொல்வேன்? இதையெல்லாம் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது யோசித்தேனா தெரியாது. கால் ஆளிடம் போய்விட்டது.

மூன்றாம் நம்பரின் தலையில் மஞ்சள் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

சுற்றுவதற்கு முன் மெஷின் கொஞ்ச நேரம் கூவும், விளக்கும் சிமிட்டும். தேய்ப்பு உருளையின் சத்தத்தில் கூவல் காதில் விழவே இல்லை. விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

தாழ் பக்கம் இருந்த காந்தத்தைப் பிடித்து இழுத்தேன். அவன் சுற்றின டேப் அசையவில்லை. நகத்தால் கீறினேன். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவன். அதை விட்டுவிட்டு டிரம்முக்குள் பாதி உடம்பை நுழைத்தேன். "மாப்ளே! வெளிய வாடா!" என்று கத்தினேன். என் கத்தல் எனக்கே கேட்கவில்லை. அவன் உள்மூலையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முறுக்கின விரிப்புக்குள் தோள் வரை கையை விட்டிருந்தான். எட்டி ஒரு பூட்ஸைப் பிடித்தேன். அவன் உதறினான். மறுபடி பிடித்தேன். இன்னும் வேகமாக உதறினான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான் பாவி. பூட்ஸின் அடி என் தாடையில் பட்டது.

வெளியே எழுந்தேன். இரண்டு மெஷினுக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறது. ஆள் நுழைய முடியாது, பார்வை நுழையும். அதன் வழியே அந்தப் பக்கத்தில் தேய்ப்பு மெஷினில் விரிப்பை விட்டுக்கொண்டிருந்த பெண் தெரிந்தாள், ஆலையில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளுக்குப் பின்னால் பத்தடியில் மூன்றாம் நம்பரின் சிவப்புப் பொத்தான். இரண்டு கையையும் தலைக்குமேல் குறுக்கே வைத்தேன். நிறுத்து, நிறுத்து. மூன்றாம் நம்பரைக் காட்டினேன். மறுபடி குறுக்கே வைத்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். கை நீட்டித் தன் மெஷினை நிறுத்தினாள்.

உன் மெஷின் இல்லை அக்கா, இது, இது என்று நான் குதித்தேன். அப்போதுதான் கூடத்தில் சத்தம் இறங்கியது. உருளை மெதுவாகி மெதுவாகி நின்றது. அந்தக் கூடம் அப்படி அமைதியாகி நான் கேட்டதில்லை. அந்த அமைதியில் மூன்றாம் நம்பரின் கூவல் காதைக் கிழித்தது.

உள்ளே இருந்தவனுக்கும் கேட்டது.

"மாமா?" என்றான்.

"வாடா வெளிய! சுத்தப் போகுது!"

பூட்ஸும் இடுப்பும்தான் முதலில் வந்தன. பின்பக்கமாகவே தவழ்ந்தான். பாதியில் நின்றுவிட்டான். "சட்டை, சட்டை மாட்டிக்கிச்சு." நான் உள்ளே எட்டி அவன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைக் கதவின் சட்டத்தில் மிதித்து இழுத்தேன். எதுவோ கிழிந்தது. சட்டையோ தோலோ தெரியவில்லை. கூவல் நின்றது. இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். அவன் என்மேல் விழுந்தான்.

டிரம் சுற்றியது.

வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சுற்றியது. தண்ணீர் உள்ளே பாய்ந்து, திறந்த வாய் வழியாக எங்கள் கால்மேல் கொட்டியது. குளிர்ந்த தண்ணீர். பாய்லர்காரர் வால்வை மூடிவிட்டார். உள்ளே கத்தரிக்கோல் மேலே போவதும் கீழே விழுவதும் டங் டங்கென்று கேட்டது. மீதி இருந்த விரிப்புகள் அதன் கூடவே சுழன்று இறுகின.

"அது கத்தரிக்கோல்தான்," என்றான் மச்சினன். அவனிடம் யாரும் கேட்கவில்லை. "என் கத்தரிக்கோல்தான் மாமா."

அக்கா வரிசையைச் சுற்றி ஓடிவந்தாள். "ஏன்டா நிறுத்தச் சொன்னே? உருளைல விரிப்பு ஒட்டிக்கிட்டு மஞ்சளா தீஞ்சு போச்சு, எவன் காசு..." அவ்வளவுதான் சொன்னாள். சுற்றும் டிரம்மைப் பார்த்தாள், தரையில் கிடக்கும் எங்களைப் பார்த்தாள். வந்த வழியே திரும்பி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றது. இந்தத் தடவை சரியான பொத்தானை அமுக்கியிருக்கிறாள்.

சார்ஜர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் குரல். மென்பொருள்காரர்களில் ஒருத்தி. நம் மொழியே பேசினாள்.

"ஓட்டம் நல்லா போச்சு சார். கதவு மூடியிருக்குன்னு சரியா காட்டுது, ஒரு தடவை கூட மாறல. கடைசியில யாரோ கையால நிறுத்திட்டாங்க போல. பரவாயில்ல. டிக்கெட்ட மூடிடட்டுமா?"

சார்ஜர் திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மச்சினனின் கிழிந்த சட்டையைப் பார்த்தார். போனை வாயருகில் கொண்டுபோய் மறுபடி இறக்கினார்.

"சார், இருக்கீங்களா?"

"மூடாதம்மா," என்றேன் நான். "கதவு திறந்துதான் கிடக்கு. உள்ள ஆள் இருந்தான்."

"யாரு பேசறது?"

"உள்ள இருந்தவனோட மாமா."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"ஆனா டிரம் காலி, எல்லாம் தயார்னு காலைலயே டிக் போட்டிருக்கே," என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. "நேரமும் தெளிவா இருந்துச்சே. திரைல அது தானா குறைஞ்சுட்டே வருமே. இன்னும் ஒரு மணி நேரத்தில், இன்னும் பத்து நிமிஷத்தில்னு..." அவளே நிறுத்திவிட்டாள். "சார். நீங்க அதைப் படம் எடுத்தா அனுப்பினீங்க?"

சார்ஜர் கழுத்து வயரைப் பிடித்துக்கொண்டார். "அவங்களுக்குத் திரையைத் திறக்க அனுமதி இல்லம்மா. வேற எப்படிச் சொல்றது? வழக்கமா அப்படித்தான்..."

"அடிபட்டிருக்கா அவருக்கு?"

"சட்டைக்கு மட்டும்தான் மேடம்," என்று மச்சினன் தரையிலிருந்தே சத்தமாகச் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பை அவனால் நிறுத்த முடியவில்லை. முதுகில் கத்தரிக்கோல் நீளத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்துகொண்டு, இதுவும் ஒரு தமாஷ் என்பது போல என்னைப் பார்த்தான். நான் அவன் தலையில் ஓங்கி ஒன்று போட்டேன். எதற்கென்று கேட்காமல் வாங்கிக்கொண்டான்.

அந்தப் பெண் இப்போது ஓட்டத்தை நிறுத்தி வைப்பதாகவும், மேலே பேசிவிட்டுச் சொல்வதாகவும் சொல்லிப் போனை வைத்தாள். சார்ஜர் ஈரத்தரையில் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். பின்புறம் லாரி ஹாரன் அடித்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல," என்றார். எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. "ஒண்ணும் ஆகல இல்ல? சரி. இப்ப அவங்க நிறுத்திட்டாங்க. இனி சுத்தாது. மிச்சத்தை வெட்டி எடுத்துடுங்க. மத்தியானம் மறுபடி ஓட்டினாலும் ஓட்டுவாங்க. அதுக்குள்ள காலியா இருந்தா இன்னைக்கே இதை முடிச்சுடலாம். நீங்க லாரிக்குப் போங்க, அவன் ஹாரனை விடமாட்டேங்கறான்."

மச்சினன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "இன்னொரு கத்தரிக்கோல் குடுங்கக்கா," என்றான்.

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். வெட்டாமல் கிடக்கும் துணி நாளைக்கும் யாரோ ஒருவர் வெட்ட வேண்டிய துணிதான்.

நான் மெஷின் வரிசையைச் சுற்றி நடந்தேன். ஓடவில்லை. முழங்கை வலித்தது, அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பக்கச் சுவரில் மூன்றாம் நம்பரின் மெயின் ஸ்விட்ச், முழ நீளக் கைப்பிடியோடு இருக்கிறது. அதைப் பிடித்துக் கீழே இழுத்தேன். மெஷின் திரை அணைந்தது. உச்சியில் இருந்த சின்ன விளக்கும் அணைந்தது.

சார்ஜர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஐயோ, என்ன பண்றீங்க? காலைலருந்து அவங்க ஏத்தினது எல்லாம் போச்சு! முதல்லருந்து ஏத்தணும். டிக்கெட் மறுபடி திறந்துக்கும்!"

"திறந்துக்கட்டும்."

"என்னைக் கேப்பாங்கய்யா. உங்களைக் கேக்க மாட்டாங்க, என்னைத்தான் கேப்பாங்க."

"நான்தான் இழுத்தேன்னு சொல்லுங்க சார். எழுதியே குடுக்கறேன்."

"லாரி நிக்குது."

"நிக்கட்டும்."

"உங்களுக்கு இங்க வேலை வேணுமா வேணாமா?"

வேண்டும்தான். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கைப்பிடியின் மேல் கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். சந்து வழியே அந்தப் பக்கம் தெரிந்தது. அக்கா கத்தரிக்கோலோடு வந்து மச்சினனிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை. தீய்ந்த விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மெஷினின் வாயருகிலேயே நின்றுகொண்டாள். உருளை நின்றபடியே இருந்தது. இந்தக் கூடத்தில் வேலை நேரத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

மச்சினன் குனிவதற்கு முன் சந்து வழியே என்னைப் பார்த்தான்.

"மாமா, வீட்ல அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

"நீ முதல்ல வேலையை முடிடா."

அவன் பூட்ஸ் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடியை இன்னும் அழுத்திப் பிடித்தேன். அது இதற்கு மேல் கீழே போகாது என்று தெரிந்தும் அழுத்தினேன்.

சார்ஜர் போகவில்லை. போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்தி ஓய்ந்துவிட்டார் போல. குரல் தணிந்து வந்தது.

"அவங்க மறுபடி கேப்பாங்க. நான் நேரம் சொல்லியாகணும். எவ்வளவு நேரம் ஆகும்னு போட?"

"அவன் வெளிய வர்ற வரைக்கும் சார்."

பின்புறத்தில் லாரி மறுபடியும் ஹாரன் அடித்தது, நீளமாக. டிரம்முக்குள்ளிருந்து வெட்டின துண்டு ஒன்று வந்து ஈரத்தரையில் விழுந்தது. அக்கா குனிந்து அதை எடுத்து வண்டியில் போட்டாள்.